கிறிஸ்துமஸ் மரத்தில் புளியங்கொட்டை

அன்று கிறிஸ்துமஸ். விடியற்காலைப் பூசைக்குப் போய், நற்கருணை வாங்கி, வழியில் பத்துப் பேருக்காவது வாழ்த்துச் சொல்லிவிட்டு வீடு திரும்பிய நான், புதுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கையில் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தல். முன்பு இருமல் மருந்து இருந்தது. அதன்மேல் ஒட்டிய துண்டுக் காகிதத்தில் என் மனைவி கமலாவின் குண்டு குண்டான கையெழுத்தில் ‘அப்பா’ என்று எழுதியிருந்தது.

அப்பா என்றால் என் மாமனார். அந்தப் போத்தலில் இருக்க வேண்டியது அவருடைய சிறுநீர். நிரப்பப் போனது நான்.

கதவுக்கு வெளியே மாமனார் காவல் நின்றார். ஆறு வருஷமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதிருந்த மனிதர் கதவிடுக்கில் வாயை வைத்து, “ஆச்சா?” என்று அடிக்குரலில் கேட்டார்.

“அவசரப்படுத்தாதீங்க மாமா. அவசரப்பட்டா வராது.”

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. வெள்ளைக்காரர்கள் நடத்திய செம்பவாங் கடற்படைத் தளத்தின் பொருள் கிடங்கில் குமாஸ்தா. கோயில் பாடற்குழுவில் முதல் வரிசை. அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் ‘பாவத்தை விட்டு விலகுகிறேன்’ என்று கையைக் குவித்துச் சொல்லியிருந்தேன்.

எல்லாம் மிட்டாயால் வந்தது. மிட்டாய் என் பகட்டால் வந்தது.

வெள்ளைக்கார வீட்டு மரம்

அதற்கு முந்தின வருஷம் டிசம்பரில், கிடங்கின் மேலதிகாரி மிஸ்டர் பார்ட்லெட் வீட்டுக்கு அலுவலகக் கோப்பு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்க நேர்ந்தது. தளத்துக்குள்ளேயே மேட்டில் இருந்த வீடு. சுற்றிலும் புல்வெளி. வாசலில் நிற்க வைத்து அனுப்பியிருக்கலாம். நல்ல மனிதர், உள்ளே வரச் சொன்னார்.

உள்ளே ஒரு கிறிஸ்துமஸ் மரம் நின்றது. நான் பார்த்த மரங்களில் பஞ்சு ஒட்டியிருக்கும், வண்ணக் காகிதச் சங்கிலி தொங்கும். இதில் மிட்டாய் தொங்கியது. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டு, தலைப்பக்கம் வளைந்த பெப்பர்மின்ட் குச்சிகள். கண்ணாடித்தாளில் முறுக்கிய டாஃபிகள். தங்கத் தாள் சுற்றிய சாக்லேட் காசுகள். சாயங்கால வெயில் சன்னல் வழியாக வந்து ஒவ்வொன்றிலும் பட்டது. அறை முழுக்கப் பெப்பர்மின்ட் வாசனை.

திங்கிற பொருளைத் தின்னாமல் மாட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, இதுவல்லவா நாகரிகம் என்று எனக்குப் பட்டது. நான் பிறந்த வீட்டில் ஐந்து பிள்ளைகள். ஒரு மிட்டாய் கிடைத்தால் அது கைக்கு வந்து வாய்க்குப் போகும் வரைக்கும்தான் மிட்டாய். அலங்காரமாக ஒரு விநாடிகூட இருந்ததில்லை.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு என் வீட்டிலும் மிட்டாய் மரம் நிற்கும் என்று அங்கேயே முடிவு செய்தேன். அதைப் பார்க்க மிஸ்டர் பார்ட்லெட்டையே அழைப்பது என்று, மேட்டிலிருந்து சைக்கிளில் இறங்கும்போது முடிவு செய்தேன்.

ஊசிக்குப் பயந்த மாப்பிள்ளை

இங்கே என் கல்யாணக் கதையைச் சொல்லாவிட்டால் மாமனார் ஏன் பேசாதிருந்தார் என்பது விளங்காது.

கமலா தளத்துத் தொழிலாளர்களின் மருந்தகத்தில் தாதி. எல்லோரும் ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடுவார்கள். துருப்பிடித்த ஆணி ஒன்று என் காலில் ஏறி, ஊசி போட்டுக்கொள்ளப் போனேன். ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தேன். விழித்தபோது அவள் என் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். வீரத்தைக் காட்டிப் பெண்ணின் மனத்தைக் கவர்ந்தவர்கள் உண்டு. நான் மயங்கிக் கவர்ந்தவன்.

நான் கத்தோலிக்கன். அவள் பெருமாள் கோயில் வீட்டுப் பெண். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய தெருவில் அவள் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. விஷயம் தெரிந்ததும் அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. “உன் இஷ்டம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, கல்யாணத்துக்கு வராமல் இருந்துவிட்டார்.

மகளோடு மெல்ல மெல்லப் பேச்சு திரும்பியது. என்னோடு இல்லை. தீபாவளிக்குத் தீபாவளி கடைக்குப் போவோம். கமலா உள்ளே போவாள். நான் கடை வாசல் ஐந்தடிப் பாதையில், அடுக்கி வைத்த குடங்களுக்கும் அண்டாக்களுக்கும் நடுவே இன்னொரு அண்டா மாதிரி நிற்பேன். “அவருக்கு ஏதாவது குடிக்கக் கொடு” என்று மகளிடம் சொல்லும் குரல் கேட்கும். அவ்வளவுதான் எங்கள் உறவு.

சர்க்கரை இல்லாத வீடு

மிட்டாய் மரத்துக்கு நாள் குறித்திருந்த வருஷம், நவம்பரில் கமலாவின் அண்ணன் குடும்பத்தோடு கப்பலேறி ஊருக்குப் போனார். குழந்தைக்கு மொட்டை போட. திரும்ப மூன்று மாதம் ஆகும். மாமனாருக்குச் சர்க்கரை வியாதி. மாமியார் இறந்து நாளாகிவிட்டது. தினம் காலையில் அவருக்கு இன்சுலின் ஊசி போட ஆள் வேண்டும். மகள்தான் மிஸ்ஸி ஆயிற்றே. ஒரு தகரப் பெட்டியும் சாய்வு நாற்காலியுமாக எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தார்.

வந்த பிறகும் பேச்சு கமலா வழியாகத்தான். மூவரும் ஒரே மேசையில் இருப்போம். “அவரு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்கிறாரான்னு கேளு” என்பார். கமலா என்னைப் பார்ப்பாள். “போதும்னு சொல்லு” என்பேன். இரண்டு நாட்டுத் தூதர்கள் மாதிரி மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சாப்பிட்டோம்.

அவர் வந்த அன்றே கமலா வீட்டிலிருந்த சர்க்கரை, வெல்லம், கெட்டிப்பால் டின், ஜாம் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். வீட்டில் கசப்புக் கோப்பிதான். நான் கோப்பிக் கடைக்குப் போய், கெட்டிப்பால் அடியில் ஒரு விரல் உயரம் நிற்கும்படி ஊற்றச் சொல்லி, ஒரு நாளைக்கு மூன்று கிளாஸ் குடித்துப் பழிதீர்த்துக்கொண்டேன்.

தினம் காலையில் ஒரு சடங்கு நடக்கும். போத்தலிலிருந்து எட்டுச் சொட்டுச் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் இருக்கும் நீல மருந்தில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவாள் கமலா. நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போய்ச் செங்கல் நிறம் வந்தால் மோசம். எந்த நிறத்துக்கு எவ்வளவு இன்சுலின் என்று டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அது சமையலறைச் சுவரில் நாள்காட்டிக்குக் கீழே ஒட்டியிருந்தது.

இப்படிப்பட்ட வீட்டில் நான் மிட்டாய் மரம் கேட்டேன்.

“உங்களுக்கு என்ன ஆச்சு?” என்றாள் கமலா.

“திங்கிறதுக்கு இல்ல கமலா. கண்ணுக்கு மட்டும். அலங்காரம்.”

“எறும்பு வரும்.”

“தொட்டிய தண்ணியில வச்சிருவேன்.”

அவளுக்காக நான் எத்தனையோ விட்டுக் கொடுத்திருப்பதாக ஒரு முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அது எனக்கு நன்றாக வரும்.

“அப்பா தானா எதையும் தொடமாட்டாரு” என்று கடைசியில் சொன்னாள். “சாமிக்குப் படைச்சத எடுத்து நீட்டுனாக்கூட வேணாம்பாரு. அவரப் பத்திக் கவல இல்ல. நீங்க கைய வைக்காம இருந்தாச் சரிலா.”

மரம் நின்றது

பைன் மரத்துக்கு எங்கே போவது? கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு சவுக்குக் கிளையை வெட்டி வந்தேன். சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும்போது தளத்து வாசல் காவலர் நிறுத்தி, கிளைக்குள் எதையாவது கடத்துகிறேனா என்று தடவித் தடவிப் பார்த்தார்.

மண்ணெண்ணெய்த் தகரத்தில் மணலைப் போட்டு நட்டு, சிவப்புக் கிரேப் தாளைச் சுற்றி, தண்ணீர் விட்ட அகலப் பாத்திரத்தில் வைத்தேன். பாத்திரம் மாமனார் கடையிலிருந்து கல்யாணத்துக்குப் பிறகு வந்த ஒரே சீர். மிட்டாய்களை நூலில் கட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாட்டினேன். சவுக்குக் கிளைக்கு முதுகெலும்பு கிடையாது. பத்து மிட்டாய் ஏறியதும் தலையைத் தொங்கப் போட்டது. மேலே உத்தரத்திலிருந்து கயிற்றால் இழுத்துக் கட்டினேன். தூக்கில் தொங்கும் மரம் போல இருந்தது என்று கமலா சொன்னாள். எனக்கு அது மிஸ்டர் பார்ட்லெட் வீட்டு மரமாகவே தெரிந்தது.

மாமனார் சாய்வு நாற்காலியை மரத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “இந்தப் பக்கம் காத்து வருது” என்று கமலாவிடம் சொன்னார். தமிழ்ப் பேப்பரை விரித்தால் அவர் தலையும் தெரியாது, மரத்தில் பாதியும் தெரியாது. வேற்று மதத்துப் பண்டிகையை இப்படிப் பக்கத்திலேயே உட்கார்ந்து பொறுத்துக்கொள்கிறாரே என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

அந்த வாரத்திலிருந்து குழாயில் நிறம் ஏற ஆரம்பித்தது. பச்சையில் இருந்தது மஞ்சளாயிற்று, பிறகு ஆரஞ்சு. கமலா சோற்றைக் குறைத்தாள். சீட்டைப் பார்த்து ஊசியில் மருந்தைக் கூட்டினாள். காரணம் புரியாமல் தவித்தாள்.

“கிறிஸ்துமஸ் அன்னைக்கும் இப்படியே இருந்துச்சுன்னா மறுநாள் ஆஸ்பத்திரியில சேக்குறதுதான் வழி” என்று அவரிடம் சொன்னாள். மாமனார் பேப்பரை உயர்த்திக்கொண்டார்.

“வெரி இன்ட்ரஸ்டிங்”

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து மிஸ்டர் பார்ட்லெட் வந்தார். கமலாவுக்கு மருந்தகத்தில் வேலை. வீட்டில் நானும் மாமனாரும்தான்.

பார்ட்லெட் மரத்தைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லவில்லை. மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கிளையிலிருந்து டாஃபி ஒன்றைப் பறித்து, தட்டில் வைத்து நீட்டினேன்.

அவர் தாளைப் பிரித்தார். உள்ளே பழுப்பாக, பளபளப்பாக, சதுரமாக ஒன்று இருந்தது. வாயில் போட்டுக்கொண்டார். கன்னத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு உருட்டினார். கடிக்கப் பார்த்தார். ‘கடக்’ என்று சத்தம் கேட்டது. புருவம் உயர்ந்தது.

“வெரி இன்ட்ரஸ்டிங்” என்றார். “உங்கள் ஊர்ப் பலகாரமா?”

“ஆமாம் ஐயா” என்றேன். எதைப் பற்றிக் கேட்டாலும் ஆமாம் என்பது என் உத்தியோகப் பழக்கம்.

பக்கத்தில் விரிந்திருந்த தமிழ்ப் பேப்பர் லேசாக நடுங்கியது. காற்று என்று நினைத்தேன்.

கால் மணி நேரம் அதை வாயில் வைத்துக்கொண்டே பேசிவிட்டு, தேநீர் குடித்துவிட்டு, மிஸ்டர் பார்ட்லெட் போனார். வாசல் வரைக்கும் கன்னம் ஒரு பக்கம் உப்பியே இருந்தது. பிறகு நான் ஒரு டாஃபியைப் பறித்துப் பிரித்தேன்.

புளியங்கொட்டை.

இன்னொன்று. புளியங்கொட்டை. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் புளியங்கொட்டை. கழுவி, துடைத்து, அதே கண்ணாடித்தாளில் இரண்டு பக்கமும் அழகாக முறுக்கி, அதே நூலில் கட்டப்பட்டிருந்தன. நாற்பது வருஷம் கடையில் பொட்டலம் மடித்த கை.

திரும்பிப் பார்த்தேன். பேப்பர் மெதுவாகத் தாழ்ந்தது. மாமனாரின் முகம் தெரிந்தது. அவர் என்னை நேராகப் பார்த்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

“கமலாகிட்டச் சொல்லாதீங்க” என்றார்.

கூட்டாளிகள்

சொல்லியிருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். சர்க்கரை வியாதிக்காரர் இரண்டு வாரமாக டாஃபி தின்றிருக்கிறார். மகள் காரணம் தெரியாமல் மருந்தைக் கூட்டிக்கொண்டே போகிறாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட ஓடிப்போய்ச் சொல்லியிருக்கும்.

ஆனால் அவர் என்னோடு பேசிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு மூளை கழன்றுவிட்டது.

“சொல்லமாட்டேன் மாமா” என்றேன். “ஆனா இனிமே தொடக்கூடாது.”

“தொடமாட்டேன்.” பேப்பரை மடித்துக்கொண்டே, “கடிக்கிறதுகூட இல்ல. வாயில வச்சு அப்படியே உக்காந்திருப்பேன். கமலா அம்மா போனப்புறம் வீட்டுல எல்லாரும் எனக்கு எது கூடாதுன்னுதான் சொல்றாங்க. எது வேணும்னு ஒருத்தரும் கேக்கல” என்றார்.

ஆஸ்பத்திரி என்றதும் எதற்காகப் பேப்பரைத் தூக்கினார் என்பதும் அன்றுதான் தெரிந்தது. மாமியாரை ஒரு வாரத்துக்கென்று சேர்த்தார்களாம். திரும்பி வரவில்லை.

அன்று மாலையே பசாருக்குப் போய் டாஃபி வாங்கி வந்து, கமலா வருவதற்குள் மரத்தின் முன்பக்கத்தில் மாட்டினேன். சுவரைப் பார்த்த பின்பக்கத்தில் புளியங்கொட்டைகளை அப்படியே விட்டுவிட்டேன். யார் பார்க்கப் போகிறார்கள்?

மாமனார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நான் பார்த்தவரை மரத்தைத் தொடவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் காலை பூசை முடிந்து வந்தபோது, வெளிறிப்போய் என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப் போனார். முந்தின நாள் ஆசை தாங்காமல் ஒன்றே ஒன்று தின்றுவிட்டாராம். குழாயில் சிவப்பு வரும், கமலா ஆஸ்பத்திரியில் தள்ளிவிடுவாள் என்று நடுங்கினார்.

“நீங்க நல்லா இருக்கிற ஆளு” என்றார். “உங்களோடதக் குடுங்களேன்.”

ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் பொருள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

செங்கல் நிறம்

கமலா எட்டுச் சொட்டை எண்ணி விட்டாள். குழாயை விளக்கில் காட்டினாள். நானும் மாமனாரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம்.

நீலம் பச்சையாயிற்று. எனக்குக் கொஞ்சம் வியப்பாக இருந்தது. பச்சை மஞ்சளாயிற்று. மஞ்சள் ஆரஞ்சானது. பிறகு குழாய் முழுக்க, புதுக் கட்டடத்துக்குக் கொட்டி வைத்த செங்கல் மாதிரி, அழுத்தமான சிவப்பு.

மாமனார் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. கடனாகக் கேட்டு வாங்கிய குடை கிழிந்திருந்தால் அப்படித்தான் பார்ப்போம்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. விருந்தாளிகளுக்கென்று மறைத்து வைத்திருந்த கேக்கில் முந்தின ராத்திரியே இரண்டு துண்டு தின்றிருந்தேன். அதுதான் என்று நினைத்தேன். அத்தோடு கோப்பிக் கடைக் கெட்டிப்பால். நல்லா இருக்கிற ஆளுக்கு வேறென்ன?

கமலா சுவரிலிருந்த சீட்டைப் பார்த்தாள். சிவப்புக்கு எழுதியிருந்த அளவு மருந்தை ஏற்றி, அப்பாவின் கையில் போட்டாள். “நாளைக்குக் காலையில கெளம்பணும்பா” என்று மட்டும் சொன்னாள்.

வாயைத் திறக்க அப்போது எனக்கு நேரம் இருந்தது. பண்டிகை நாளில் திட்டு வாங்க மனமில்லாமல் நின்றேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

மாமனார் ஆஸ்பத்திரிக் கவலையில் பசியாறவில்லை. இட்லித் தட்டைக் கமலா பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவர் அதை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டார்.

வெறும் வயிற்றில்

பத்து மணி இருக்கும். நான் கூடத்தில் மரத்தை நேராக்கிக்கொண்டிருந்தேன். கமலா சமையலறையில்.

“அந்தப் பித்தளைக் குடத்த எடுத்து முன்னால வை” என்றார் மாமனார்.

என்னிடம் வேடிக்கை பேசுகிறார் என்று பூரித்துப்போனேன். “எந்தக் குடம் மாமா, பெருசா, சிறுசா?” என்றேன்.

“தஞ்சாவூர்க் குடம். மழ வருது பாரு. எல்லாத்தையும் உள்ள எடு.”

“எடுத்துட்டேன் மாமா” என்றேன் சிரித்துக்கொண்டே. இப்படி இரண்டு மூன்று நிமிஷம் அவரோடு பாத்திர வியாபாரம் செய்தேன். அவர் குரல் குழறியபோதுதான் திரும்பிப் பார்த்தேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை கிடுகிடுவென்று ஆடியது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் என்னைக் காணவில்லை.

கூப்பிட்ட குரலில் கமலா மாவுக் கையோடு ஓடி வந்தாள். நெற்றியைத் தொட்டாள். நாற்காலிக்கு அடியிலிருந்த இட்லித் தட்டைப் பார்த்தாள்.

“சக்கர எறங்கிடுச்சு. சீக்கிரம், சக்கரத் தண்ணி.”

“வீட்டுல சக்கர ஏது?”

அவள் சொல்லித்தான் சர்க்கரையெல்லாம் வீட்டைவிட்டுப் போயிருந்தது. அந்த வீட்டில் அப்போது இனிப்பு இருந்த ஒரே இடம் அந்த மரம். மிச்சக் கேக்கும் இருந்தது. ஆனால் அதை எந்த டின்னில் மறைத்தேன் என்று மறந்துபோய், மரத்துக்குப் பக்கத்து அலமாரி முன்னால் டின்களை உருட்டிக்கொண்டிருந்தேன்.

கமலா இருந்த இடத்திலிருந்தே மரத்தின் பின்பக்கமாகக் கையை நீட்டி, கைக்கு எட்டியதைப் பிடுங்கிப் பிரித்தாள். புளியங்கொட்டை. அடுத்ததைப் பிரித்தாள். புளியங்கொட்டை. ஒரு விநாடி அதைக் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு அதை எறிந்துவிட்டு, முன்பக்கம் தொங்கிய பெப்பர்மின்ட் குச்சிகளைக் கொத்தாக இழுத்தாள். கயிறு அறுந்து மரம் என்மேல் சாய்ந்தது.

குச்சிகளை அம்மியில் வைத்து நசுக்கி, வெந்நீரில் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாக அவருக்குப் புகட்டினாள். “முழுங்குப்பா. இன்னும் கொஞ்சம். முழுங்கு.” அவள் குரல் மருந்தகத்துக் குரலாக இருந்தது. கழுத்து நரம்பு மட்டும் துடித்தது. நான் சவுக்குக் கிளையைத் தாங்கிக்கொண்டு, தெரிந்த செபங்களையெல்லாம் பாதி பாதியாகச் சொன்னேன்.

கால் மணி நேரம் ஆனது. மாமனாரின் கண்ணில் ஆள் வந்தார். “என்னம்மா, தலையெல்லாம் ஈரம்” என்றார்.

இரண்டாவது குழாய்

அவருக்கு ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்துப் படுக்க வைத்த பிறகு கமலா சமையலறைக்கு வந்தாள். புளியங்கொட்டைகளை மேசைமேல் வரிசையாக வைத்தாள்.

“இத அப்புறம் பேசலாம். காலையில செங்கல் நெறம் வந்துச்சு. சாப்பிடாம இருந்தாலும் ரெண்டு மணி நேரத்துல இவ்வளவு எப்படி எறங்கும்? எனக்குப் புரியல. நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டனா?”

அவள் தன்னைச் சந்தேகப்பட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“அது அவரோடது இல்ல” என்றேன்.

“எது?”

“போத்தல்ல இருந்தது. என்னோடது.”

அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடிக்கவில்லை. “இன்னொரு தடவ சொல்லுங்க” என்றாள். சொன்னேன். முகத்திலிருந்த கோபம் மெல்ல வடிந்து, வேறு ஏதோ ஒன்று வந்தது. ஒரு கிண்ணத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“போயிட்டு வாங்க.”

இந்த முறை இரண்டு குழாய்கள். அப்பாவுடையது நீலமாகவே நின்றது. காலையிலும் அநேகமாக அப்படித்தான் இருந்திருக்கும் என்றாள். நான் குறுக்கே புகுந்திருக்காவிட்டால் மருந்து குறைந்திருக்கும், மனிதர் இட்லியைத் தின்றிருப்பார். என்னுடைய குழாய் நீலத்தில் தொடங்கி எங்கும் நிற்காமல் செங்கல்லுக்குப் போய்ச் சேர்ந்தது.

கமலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “எத்தன நாளா இவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?”

யோசித்துப் பார்த்தேன். ஒரு வருஷமாகவே கூஜாவும் கையுமாகத்தான் இருந்தேன். பாடற்குழுவில் தொண்டை காய்வதாக நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

“தளம் பூராவும் இருக்கிறவங்களுக்குப் பாக்குறேன்” என்றாள். “வீட்டுல பாக்கல.” முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். சட்டையில் சவுக்கு இலை ஒட்டியிருந்தது.

வாசலில் நிழல் தட்டியது. மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அவரத் திட்டாத” என்றார் மகளிடம். “நான்தான் கேட்டேன். மிட்டாய் தின்னது நானு. கொட்டையச் சுத்துனதும் நானு.”

“ரெண்டு பேரையும் திட்டப் போறேன்” என்றாள் கமலா முந்தானைக்குள்ளிருந்து. “மொதல்ல அழுதுக்கறேன்.”

ஒரு மாதம்

சொன்னபடி திட்டினாள். புத்தாண்டு வரைக்கும் திட்டினாள். தளத்து டாக்டர் எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஊசி வேண்டாம் என்றதும் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். மரத்தில் மிச்சமிருந்த மிட்டாய்களைக் கமலா மருந்தகத்துக்கு எடுத்துப்போய், ஊசிக்கு அழாத பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். மிஸ்டர் பார்ட்லெட் ஒரு நாள் என் மேசைப் பக்கம் வந்து, அந்தப் பலகாரத்தை எப்படிச் செய்வது, மனைவி கேட்கிறாள் என்றார். நெடுநேரம் வறுக்க வேண்டும் என்றேன்.

எங்கள் வீட்டில் காலைச் சடங்கு இரட்டிப்பானது. கமலா இனி யாரையும் நம்புவதாக இல்லை. குளியலறை வாசலிலேயே நின்றாள். பிறகு நானும் மாமனாரும் சன்னலோரம் உட்கார்ந்து, அவரவர் குழாயின் நிறத்தைப் பார்ப்போம். “நேத்து என்ன தின்னீங்க?” என்று நேராக என்னிடமே கேட்பார். மொழிபெயர்ப்பாளர் வேலை போய்விட்டது. ஜாதகம் பார்க்காமல் நடந்த கல்யாணத்துக்கு ஆறு வருஷம் கழித்து ஸ்பிரிட் விளக்கில் பொருத்தம் பார்த்தோம்.

பிப்ரவரியில் கமலாவின் அண்ணன் ஊரிலிருந்து திரும்பி, அப்பாவை அழைத்துப்போக டாக்சியோடு வந்தார். என்னைப் பார்த்து வழக்கம்போலத் தலையை மட்டும் அசைத்தார். தகரப் பெட்டியைத் தூக்கப் போனார்.

“அத வை” என்றார் மாமனார். “நான் இன்னும் ஒரு மாசம் இருந்துட்டு வர்றேன்.”

“என்னப்பா, கடையில எல்லாம்...”

“கடைய நீ பாரு. இங்க மாப்பிள்ளைக்குச் சக்கர. கமலா வேலைக்குப் போனதும் கண்டதையும் எடுத்து வாயில போட்டுக்குவாரு. பக்கத்துல ஒரு ஆள் இருந்து பாத்துக்கணும்.”

அண்ணன் என்னைப் பார்த்தார், கமலாவைப் பார்த்தார். அவள் உள்ளே போய், மூன்று கிளாஸ் கசப்புக் கோப்பி கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் ஒரு வாய் குடித்து முகம் சுளித்து, சர்க்கரை கேட்டார். நானும் மாமனாரும் ஒரே நேரத்தில், “இந்த வீட்டுல கெடையாது” என்றோம்.

டாக்சி காலியாகத் திரும்பியது.